வாடின செடிக்குப் பச்சைக் கோழி எரு போடாதீங்க

இந்த வரட்சியில் இது நாலாவது தோட்டம். இலங்கை மலைநாட்டில் வெலிமடைப் பக்கம், போஞ்சி. அந்த அண்ணன் கையில் புது மருந்துப் போத்தலோடு நிற்கிறார். "சேர், ஏதோ வியாதி, இத அடிக்கலாமா?"

இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் முழுக்கப் பழுப்பு, வெள்ளை வேர் ஒன்றுகூட இல்லை. குந்திப் பார்த்தால் கண் எரிகிறது. வாடின செடிக்குத் தெம்பு வரட்டும் என்று லொறியில் வந்த பச்சைக் கோழி எருவைத் தண்டை ஒட்டிக் கைகையாக வைத்திருக்கிறார். வியாதியாவது மண்ணாவது, வேர் வெந்துபோய்விட்டது.

எத்தனை தரம் சொல்வது? வாடி நிற்கிற செடி தண்ணீர் கேட்கிறது, நீங்கள் உப்பு வைக்கிறீர்கள். உக்காத கோழி எருவில் அமோனியாவும் உப்பும் இருக்கின்றன, ஈரமில்லாத மண்ணில் அந்த உப்பு வேருக்குள் மிச்சமிருக்கிற தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும், ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் மாங்காய்த் துண்டு சுருங்குகிறதே, அதேதான். "போன வருசம் போட்டேன், நல்லா வந்திச்சே" என்பார்கள். போன வருசம் மழை இருந்தது ஐயா, கழுவிக்கொண்டு போனது! 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது எல்லோரும் கோழி எருவுக்கு ஓடினோம். தடை அந்த வருசம் நவம்பரிலேயே போய்விட்டது, அந்த அவசரம் மட்டும் போகவில்லை.

இதில் அடுப்புச் சாம்பலையும் கலக்கிறார்கள். சாம்பல் பட்டால் எருவிலுள்ள நைதரசன் அமோனியாவாகக் காற்றோடு போகும், காசு கொடுத்து வாங்கிய சத்து மூக்குக்குத்தான். தேயிலைக்குச் சாம்பல் வேண்டவே வேண்டாம், அது அமில மண் கேட்கிற செடி. உருளைக்கிழங்குக்கும் வேண்டாம், தோலில் சொறி கூடும்.

சரி, என்ன செய்வது? முதலில் தண்ணீர், பின்னேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. மண் நனைந்த பிறகு, ஈரம் காயாமல் மேலே மூடுபடை: வைக்கோல், விதை வைக்காத மானாப்புல், கிளிசிரிடியா இலை, எது கிடைக்கிறதோ அது. தண்டில் படாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். மரத்தூளைப் பச்சையாக மண்ணில் கிளறாதீர்கள், உக்கும்போது செடிக்குரிய நைதரசனை அது தின்றுவிடும். தேயிலை வைத்திருப்பவர்கள் கவ்வாத்து மிலாறை, அதுதான் வெட்டிவிட்ட தேயிலைக் கிளைகளை, அடுப்புக்குக் கொண்டுபோங்கள், வேண்டாமென்று சொல்ல எனக்கு மனசு வராது, இலையையாவது மலையிலேயே உதறிவிட்டுப் போங்களேன்.

கோழி எருவை வீசச் சொல்லவில்லை. குவித்து, ஈரம் காட்டி, அடிக்கடி புரட்டி, இரண்டு மூன்று மாதம் விடுங்கள். குவியலுக்குள் ஒரு கம்பியைச் செருகிப் பத்து நிமிசம் கழித்து உருவிப் பாருங்கள், கை வைக்கச் சுட்டால் இன்னும் ஆகவில்லை. செடியில் புதுத் துளிர் கண்ட பிறகு, ஆறின எருவாகக் கொஞ்சம் வையுங்கள்.

அந்த அண்ணனிடம் மருந்தைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். "மூடியத் தொறந்துட்டேனே சேர்" என்றார்.