தாங்குதிறன்: ஒரு மலை எத்தனை பேரை ஏற்கும்?

ஊட்டி, கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் (இணையவழி முன் அனுமதி) வழக்கில் அடிக்கடி அடிபட்ட சொல் ‘கேரியிங் கெபாசிட்டி’. தண்ணீர், மண், சாலை, ஊர்க்காரர்களின் அன்றாடம் எதுவும் கெடாமல், வந்தவருக்கும் மனக்குறை இல்லாமல் ஒரு தலம் ஒரே நேரத்தில் எத்தனை பேரை ஏற்கும் என்பதே பொருள்.

19-ஆம் நூற்றாண்டில் இச்சொல் கப்பல் ஏற்றிச் செல்லும் சரக்கின் அளவைக் குறித்தது. பிறகு மேய்ச்சல் நிலம் எத்தனை மாடுகளுக்குத் தாங்கும் என்ற கணக்குக்கு வந்து, அங்கிருந்து சூழலியலுக்கும் சுற்றுலாவுக்கும் பரவியது. தமிழில் ‘கொள்ளளவு’ என்றும் எழுதுகிறார்கள். அது அணைக்கும் தொட்டிக்கும் உரியது. பாரம் ஏறியும் சிதையாமல் நிற்பதைச் சொல்ல ‘தாங்குதிறன்’தான் சரி.

கணக்கிடும் முறைக்கு ஒரு காட்சிமுனையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நிற்கத் தோதான இடம் 600 சதுர மீட்டர், ஆளுக்கு 3 சதுர மீட்டர் என்றால் ஒரே நேரத்தில் 200 பேர். திறந்திருப்பது 8 மணி நேரம், ஒருவர் அரை மணி நேரம் நிற்பார் என்றால் நாளுக்கு 3,200 பேர். பனிமூட்டத்துக்கு 2 மணி நேரம் கழித்தால் 2,400. வாகன நிறுத்தத்தில் 50 கார், காருக்கு 4 பேர், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்றால், மீதி 6 மணி நேரத்தில் 1,200 பேர்தான் வந்துபோக முடியும். கழிப்பறை, குப்பை வண்டி என ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்து, எது மிகக் குறைவோ அதையே எடுக்க வேண்டும். இடத்தை மட்டும் அளந்து 3,200-ஐ அறிவிப்பதுதான் வழக்கமான பிழை.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 கோடைக்கு விதித்த வரம்பு, நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த எண்ணிக்கையில் 12 பேர் வரும் வேனும் 2 பேர் வரும் காரும் ஒன்றே.

இதைவிடப் பெரிய சிக்கல் பருவம். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் உச்சம். பருவமழை தொடங்காததால் நீர்த்தேக்கங்களோ இறங்கிக் கிடக்கும். தாங்குதிறன் மிகக் குறையும் நேரத்தில்தான் மலர்க் கண்காட்சியும் வருகிறது. ஆண்டு முழுவதற்கும் ஒரே எண் வைப்பது தவறு.

வரம்பு வைத்தால் ஆட்கள் மூணாறு போய்விடுவார்கள் என்ற கடைக்காரர்களின் கவலை நியாயமானது. ஆனால் வத்தலக்குண்டு மலைச்சாலை நெரிசலில் பாதி நாள் கிடந்த குடும்பமும் அடுத்த கோடைக்கு மூணாறுதான் போகும். ஊட்டியில் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் தண்ணீரும் ஏறியிருக்கும். மே மாதக் கூட்டத்தில் ஒரு பகுதியை அங்கே நகர்த்த, அறை வாடகையையும் பூங்கா நுழைவுக் கட்டணத்தையும் அந்த இரு மாதங்களில் குறைப்பதிலிருந்து தொடங்கலாம்.