710 முத்திரை தண்ணீருக்கு, நெருப்புக்கு அல்ல

சென்ற மாதம் குடியாத்தத்தில் ஒரு வீட்டுச் சமையலறைக்குப் போயிருந்தேன். வீட்டைப் புதுப்பித்து 14 மாதம்தான் ஆகிறது. அடுப்பு மேடையிலிருந்து சிம்னி வரைக்கும் தேக்கு நிறத்தில், வரிவரியாகப் பள்ளம் போட்ட பலகை. பெரிய பர்னருக்கு நேர் பின்னால் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு பழுப்பு வட்டம். அந்த இடத்தில் மேல்தாள் அப்பளம்போல் உப்பியிருந்தது. "கறை போகவே இல்லை சார், அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்றுதான் என்னை அழைத்திருந்தார்கள்.

கழற்றினோம். பலகையைத் தாங்கிய ரீப்பர் கட்டை நடுவில் கறுத்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து விரலை வைத்தேன். கரி உதிர்ந்தது. அங்கிருந்து நாலு விரல் தள்ளி, மிக்ஸிக்காக இழுத்த ஒயர், மேலே பைப்கூட இல்லாமல், அதே ரீப்பரை ஒட்டிப் போயிருந்தது. என்னுடன் வந்த கொத்தனார் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் மெயினை அணைத்துவிட்டு வந்தார்.

இந்த ஆண்டில் நான் பார்க்கும் ஐந்தாவது அடுப்புச் சுவர் இது. சத்துவாச்சாரியில் இரண்டு, காட்பாடியில் ஒன்று, ஆற்காட்டில் ஒன்று. வீடு வேறு, நிறம் வேறு. வசனம் மட்டும் ஒன்றுதான். "சார், இது 710 பிளைவுட். நெருப்பு ஒன்றும் செய்யாது."

யார் இதை முதலில் சொன்னார்களோ தெரியவில்லை, இந்த வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். பலகையின் முதுகில் ஐஎஸ் 710 என்று இந்தியத் தர முத்திரை இருந்தால் அது மரைன் பிளைவுட். அதன் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிப்பார்கள். அடுக்குகளை ஒட்டிய பசை விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான் சோதனை. அந்தச் சோதனை பசைக்கு, மரத்துக்கு இல்லை. இந்தக் 'கொதிக்கும்' என்ற சொல்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. கொதிநீரையே தாங்குகிற பலகை அடுப்புச் சூட்டைத் தாங்காதா என்று என்னிடமே வாதாடுகிறார்கள். ஐயா, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். வடை பொரியும் எண்ணெய் 180 டிகிரி. மரம் பற்றிக்கொள்வது ஏறக்குறைய 250, 300 டிகிரியில். பர்னர் சுடரோ ஆயிரத்தைத் தாண்டும். நனைந்தால் கெடாது என்பதும் நெருப்பில் எரியாது என்பதும் எப்படி ஒன்றாகும்? தோணி கட்டுகிற மரமும் தண்ணீருக்கு அசையாது. அடுப்பில் வைத்தால் எரியத்தான் செய்யும்.

இன்னொரு முத்திரை உண்டு, ஐஎஸ் 5509. அது தீயைத் தாமதப்படுத்தும் பலகை. தாமதப்படுத்தும் என்றால் எரியாது என்று பொருளில்லை. நீங்கள் வெளியே ஓடுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். அதையும் அடுப்புக்குப் பின்னால் அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். தினமும் மூன்று வேளை சூடு பட்டு, மாதக்கணக்கில் வறண்டு கருகிய மரம், புது மரத்தைவிடச் சீக்கிரம் பற்றும். "ஒரு வருடமாக ஒன்றும் ஆகவில்லையே" என்பது தைரியம் சொல்லும் பேச்சில்லை. அந்த ஒரு வருடமும் ரீப்பர் கரியாகிக்கொண்டிருந்தது. பி.வி.சி. பேனல் இன்னும் மோசம், 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். எரிந்தால் வரும் புகையை மூச்சில் இழுக்கவே கூடாது.

நான் இப்படி முழங்கிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். குடியாத்தம் தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர். இளம் வயதில் அவரும் பெட்டி ஒட்டியவர். கரியைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் என் மகன் காசு கொடுத்துச் சுவர் முழுக்கத் தீக்குச்சி ஒட்டி வைத்திருக்கிறான், அப்படித்தானே தம்பி?" என்றார். என் பத்து நிமிடப் பேச்சு வீண்.

வேடிக்கை இனிமேல்தான். மற்றப் பலகைகளையும் எடுத்தபோது உள்ளே பழைய வெள்ளை டைல்ஸ் அப்படியே இருந்தது. 4 அங்குலச் சதுரம், முப்பது வருடத்துக்கு முந்தையது, ஒன்றுகூட நிறம் மங்கவில்லை. அதில் ஓட்டை போட்டுத்தான் ரீப்பரைத் திருகியிருந்தார்கள். சூளையில் வெந்த செங்கல், அதன்மேல் சூளையில் வெந்த டைல்ஸ். இதைவிட நல்ல அடுப்புச் சுவர் உலகில் கிடையாது. அதைப் பணம் கொடுத்து மூடியிருக்கிறார்கள்.

அதற்கு மேலே காற்றுப் போவதற்கு ஒரு சிமென்ட் ஜாலி இருந்தது. சிம்னி வந்துவிட்டதால் அதையும் அடைத்துவிட்டார்களாம். சிம்னியைப் பார்த்தேன், வெளியே போகும் குழாயே இல்லாத வகை. எண்ணெயைப் பிடித்துக்கொண்டு அதே காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும். சூடும், ஆவியும், அடுப்பு எரிந்த காற்றும் எங்கே போகும்? கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் ஜாலியை அடைக்க எப்படித்தான் மனம் வந்ததோ. அலமாரியின் உயரத்துக்காகச் சிம்னியை அடுப்பிலிருந்து 20 அங்குலத்தில் மாட்டியிருந்தார்கள். 26 முதல் 30 அங்குலம் வேண்டும்.

சரிசெய்த கதை சுருக்கமானது. பலகை, ரீப்பர் எல்லாம் வெளியே. பழைய டைல்ஸைக் காப்பாற்ற ஆசைப்பட்டுத் தட்டிப் பார்த்தேன்; திருகு ஏறிய இடங்களில் எல்லாம் பொத்தென்று சத்தம், சுவரை விட்டுப்போயிருந்தது. அந்த அளவில் இப்போது கடையிலும் கிடைக்காது. பெயர்த்துவிட்டுப் பூசி, சாதாரண வழவழப்பு டைல்ஸ் ஒட்டினோம். பூச்சுக்கு ஏழு நாள் நனைக்கச் சொன்னேன். மகன் முகம் சுளித்தார். பெரியம்மாதான் காலையும் மாலையும் சொம்பால் தண்ணீர் அடித்தார். ஒயரைப் பைப்புக்குள் விட்டு, ஸ்விட்ச் பெட்டியை அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தோம். ஜாலியைத் திறந்தோம். பக்கவாட்டுச் சுவர் அடுத்த வீட்டோடு பொது என்பதால், சிம்னியைக் குழாய் வகையாக மாற்றி, குழாயைப் பின்சந்துக்கு 6 அங்குலத் துளையில், ஒரே வளைவோடு விட்டோம். வளைவு கூடக் கூட இழுவை குறையும்.

சிலிண்டர் இருந்த அலமாரிக் கதவின் அடியில் துளைத்தட்டு வைக்கச் சொன்னபோது, "கரப்பான் வருமே" என்றார் மகன். வரட்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் அடியில்தான் தேங்கும்; அது வெளியேற அந்தத் துளை வேண்டும். கேஸ் டியூப் இரண்டு துண்டை ஒட்டி அலமாரிக்குள் சுற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே மாற்ற வைத்தேன். டியூப் ஒரே துண்டாக, 1.5 மீட்டருக்குள் இருக்கட்டும். அதிலேயே தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து வருடம் ஆனால் மாற்றுங்கள். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள்.

புதுப்பிக்கப் போகிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: கார்பென்டர், எலக்ட்ரீஷியன், சிம்னி மாட்டுபவர் மூவரையும் ஒரு நாளாவது ஒரே நேரத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள். அழகுப் படத்தைக் காட்டுகிறவரிடம், "இதற்கு எதிரில் தினமும் யார் கத்தரிக்காய் வதக்குகிறார்கள்?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பலகை இருந்தால், சமைத்து முடித்ததும் பர்னருக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் கழற்றுங்கள். தீபாவளி வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்குத்தான் எண்ணெய்ச் சட்டி நாள் முழுக்க அடுப்பில் இருக்கும்.

வேலை முடிந்த அன்று மகன் சுவரைப் பார்த்து, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது சார்" என்றார். பெரியம்மா ஈரத்துணியால் எண்ணெய்த் தெறிப்பை ஒரே இழுப்பில் துடைத்துக் காட்டினார். மகன் விடவில்லை. மிச்சமிருந்த நல்ல பலகைகளை வாசலில் அடுக்கிக்கொண்டே, "இவ்வளவு விலை கொடுத்தது வீணாக வேண்டாம், பூஜை அலமாரிக்குப் பின்னால் அடித்துவிடலாமா?" என்று கேட்டார்.

பூஜை அலமாரியில் இரண்டு குத்துவிளக்கு. பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் பலகைகளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேலூருக்கு வந்துவிட்டேன்.