கிரேவிங்: தமிழில் குடிவேட்கை

குடியை விட்டுப் பல மாதம் ஆனவர்கூட, சம்பள நாளில் பழைய கடை வழியாக வந்தால் தடுமாறிப்போவதுண்டு. பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய் வாசனை, இதில் ஏதாவது ஒன்று போதும். எச்சில் ஊறும், நெஞ்சு படபடக்கும். மருத்துவர்கள் இதைத்தான் ‘கிரேவிங்’ என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், மதுப் பயன்பாட்டுக் கோளாறின் அறிகுறிகளில் இதையும் சேர்த்தது.

பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு ‘உரிமையோடு கேட்பது’ என்று பொருள். கொடுத்த கடனைக் கேட்பதுபோல. ‘விரும்புவது’ என்ற பொருள் பின்னால் வந்தது.

தமிழில் இதை ஆசை என்றால் லேசாகிவிடுகிறது. நினைத்தால் விட்டுவிடலாமே என்ற தொனி வந்துவிடுகிறது. வெறி என்றால் ஆளையே பழிப்பதாகிறது. ஏக்கத்தில் வருத்தம் இருக்கிறது, உந்துதல் இல்லை. என்னைக் கேட்டால் ‘வேட்கை’தான் சரி. விரும்புதல் என்று பொருள்படும் ‘வேள்’ என்ற வேரிலிருந்து வந்த சொல் இது. தாகத்தை நீர்வேட்கை என்கிறோமே, அந்த உடல் தவிப்பும் இதற்குள் இருக்கிறது.

தொல்காப்பியம் காதலின் நிலைகளைச் சொல்லும்போது ‘வேட்கை ஒருதலை உள்ளுதல் மெலிதல்’ என்று தொடங்குகிறது. உள்ளுதல் என்றால் இடைவிடாமல் நினைப்பது. அப்புறம் ‘நாணுவரை இறத்தல்’, வெட்கத்தின் எல்லையைக் கடப்பது. அடுத்து ‘நோக்குவ எல்லாம் அவையே போறல்’, பார்ப்பதெல்லாம் அதுவாகவே தெரிவது. சொன்னது காதலுக்குத்தான். ஆனால் குடிநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை நன்றாகவே புரியும்.

‘உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கில் காமத்திற் குண்டு’ என்கிறார் வள்ளுவர். நினைத்தாலே களிப்பு, கண்டாலே மகிழ்ச்சி, இவை கள்ளுக்குக் கிடையாது. குடிக்குப் பழகிய மூளையிலோ நினைப்பும் காட்சியும் வேலை செய்கின்றன. ஆனால் வருவது மகிழ்ச்சி இல்லை, தவிப்பு. அந்த நினைவும் ஓரவஞ்சனை உள்ளது: முதல் மிடறு தந்த இதத்தை எடுத்துக் காட்டும், விடிகாலை வாந்தியை மறைத்துவிடும்.

இதோடு உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. கோபமோ அவமானமோ வரும்போதெல்லாம் குடித்தே ஆற்றிக்கொண்டவருக்கு, அந்த உணர்ச்சி தலைகாட்டினாலே குடி நினைவு வந்துவிடும். குடி இறங்கும்போது பதற்றம் கூடுவதால், குடி கொண்டுவந்த பதற்றத்துக்கே மறுபடி குடிக்க வேண்டியதாகிறது. அதனால்தான் குடியிலிருந்து மீள்பவர்கள் கூடும் குழுக்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் முதலில் கவனிக்கச் சொல்கிறார்கள். வேட்கை அலைபோல ஏறி இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் தணியும். சாப்பிடுவது, யாருக்காவது போன் செய்வது, ‘எனக்குக் கோபம் வந்திருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்வது, எல்லாமே அந்த நேரத்தைக் கடத்த உதவும்.

குடிவேட்கை என்ற சொல் புழக்கத்துக்கு வந்தால் வீட்டிலும் பேச்சு சுலபமாகும். ‘இன்றைக்கு வேட்கை பத்துக்கு எவ்வளவு?’ என்று மனைவி கேட்கலாம், கணவரும் கூசாமல் பதில் சொல்லலாம். வெறி என்ற சொல்லை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்க முடியாது.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வரும் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு ஆகியவை விலகல் அறிகுறிகள். அதைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.