காதல் பாட்டு என்று மேடையில் போடுவதற்கு முன்

மறுபடியும் அதே பாட்டு. கல்யாண வரவேற்பில் மணமக்கள் கைகோத்து உள்ளே வரும்போது ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ ஒலிக்க வேண்டுமாம். கூடவே தொகுப்பாளர் வாசிக்க ஒரு துணுக்கும் வந்திருக்கிறது: எண்பதுகளின் மிக இனிமையான காதல் பாட்டு இது, பாடியவர் தன் மனைவியை நினைத்து உருகி எழுதியது என்று. விழாக்களுக்குப் பாட்டுத் தொகுப்பதும் இசை வினாடி வினாக்களுக்குக் கேள்வி தயாரிப்பதும் என் தொழில். எண்பதுகளின் ஆங்கிலக் காதல் பாட்டுகள் என்றால் எனக்கு உயிர். அதனால்தான் இந்த மாதிரித் துணுக்குகளைப் பார்க்கும்போது பொறுக்க முடியவில்லை.

முதலில் அந்தப் பாட்டின் உண்மைக் கதை. 1983இல் தி போலீஸ் குழு வெளியிட்டது. எழுதிப் பாடிய ஸ்டிங்கின் முதல் திருமணம் அப்போது முறிந்துபோயிருந்தது. ஜமைக்காவில், ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயன் ஃப்ளெமிங்கின் பழைய வீட்டில் தங்கியிருந்தபோது எழுதினார். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது, கிராமியும் வாங்கியது. பாட்டில் பேசுகிற ஆள் யார்? தன்னை விட்டுப் போன பெண்ணின் ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கப்போவதாகச் சொல்கிறவன். அவள் தனக்குச் சொந்தம் என்று பிடிவாதம் பிடிக்கிறவன். இது பொறாமையும் கண்காணிப்பும் பற்றிய பாட்டு என்று ஸ்டிங்கே பேட்டிகளில் சொல்லிவிட்டார். காதலித்தால் அவர்களைச் சுதந்திரமாக விடு என்று 1985இல் தனியாக ஒரு பாட்டும் போட்டார், இதற்கு மாற்றுமருந்து போல. இவ்வளவுக்குப் பிறகும் மணமேடையில் இதுதான் வேண்டுமென்றால் நான் என்ன சொல்ல?

மெட்டு இளக்கிவிடுகிறது, வரியை யாரும் கவனிப்பதில்லை. ‘கேர்லெஸ் விஸ்பர்’ (1984) துணைக்குத் துரோகம் செய்தவனின் குற்ற உணர்ச்சி. விட்னி ஹூஸ்டன் 1985இல் பாடிய ‘சேவிங் ஆல் மை லவ் ஃபார் யூ’ வேறொருத்தியின் கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. அதைத் திருமண நாள் விழாவுக்குக் கேட்கிறார்கள்! ஆர்.இ.எம். குழுவின் ‘தி ஒன் ஐ லவ்’ (1987) தலைப்பில் மட்டும்தான் காதல். உள்ளே, பொழுதைக் கழிக்க ஒருவரைப் பயன்படுத்தித் தள்ளிவிட்ட கதை. பானி டைலரின் ‘டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்’ பாட்டை ஜிம் ஸ்டைன்மன் இரத்தக் காட்டேரிகளின் காதலை மனதில் வைத்து எழுதினார். இதை மட்டும் விழாவில் தாராளமாகப் போடலாம், பிரமாதமான பாட்டு.

இனி, என்னை எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். பாடியவர்தான் எழுதினார், அவர் வாழ்க்கையில் நடந்ததைத்தான் எழுதினார் என்கிற நம்பிக்கை. எனக்கு வரும் துணுக்குகளில் பெரும்பாலானவை இதன்மேல்தான் நிற்கின்றன. பாப் இசையில் பாடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர் என்பது அன்றாட நடைமுறை. எழுதியவர் தன் குரலிலேயே ஒரு மாதிரிப் பதிவு செய்து நிறுவனத்துக்குக் கொடுப்பார், அது கைமாறிக் கைமாறி யாரோ ஒரு பாடகரிடம் சேரும். நம் சினிமாப் பாட்டு என்றால் பாடியவரின் சொந்தக் காதல் என்று யாரும் நினைப்பதில்லை. எழுதிய கவிஞர் யார் என்று கேட்கிறோம். ஆங்கிலப் பாட்டு என்றதும் அந்தக் கேள்வி எங்கே போகிறது?

பில்லி ஸ்டைன்பெர்க், டாம் கெல்லி என்று இரண்டு ஆண்கள். மடோனாவின் ‘லைக் எ வர்ஜின்’ (1984), சிண்டி லாப்பரின் ‘ட்ரூ கலர்ஸ்’ (1986), ஹார்ட் குழுவின் ‘அலோன்’ (1987), விட்னியின் ‘சோ எமோஷனல்’ (1987), தி பேங்கிள்ஸ் குழுவின் ‘எட்டர்னல் ஃப்ளேம்’ (1989) ஆகிய 5 பாட்டுகளையும் எழுதியதில் இவர்களுக்குப் பங்கு உண்டு. ஐந்தும் பில்போர்டில் முதலிடம் பிடித்தன, ஐந்தையும் பாடியது பெண்கள். ‘லைக் எ வர்ஜின்’ மடோனாவின் ஒப்புதல் வாக்குமூலம் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டைன்பெர்க் அதை எழுதியபோது அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வலி தந்த ஒரு உறவு முடிந்து புதிதாக ஒருவரைச் சந்தித்தபோது அவர் மனதில் எழுந்த உணர்வு அது. மாதிரிப் பதிவில் அதைக் கள்ளக்குரலில், அதாவது ஆண்குரலை மெலிதாக உயர்த்தி, பாடியது கெல்லி. இவ்வளவு அழகான உண்மை கையில் இருக்கும்போது கற்பனைக் கிசுகிசு எதற்கு?

‘எட்டர்னல் ஃப்ளேம்’ பாட்டில் மட்டும் பாடகி சுசன்னா ஹாஃப்ஸும் எழுத்தாளர்களில் ஒருவர். அதிலும் ஆரம்பம் காதலனிடமிருந்து வரவில்லை. எல்விஸ் பிரெஸ்லியின் கல்லறை இருக்கும் கிரேஸ்லாந்துக்குப் பேங்கிள்ஸ் போயிருந்தபோது அங்கே இருந்த அணையா விளக்கைப் பற்றி ஹாஃப்ஸ் சொல்ல, சிறுவயதில் யூத ஆலயத்தில் பார்த்த அணையா விளக்கு ஸ்டைன்பெர்க்குக்கு ஞாபகம் வந்தது. பாட்டு அங்கிருந்து தொடங்கியது.

பெயரை வைத்துக் கதை கட்டுவது இன்னொரு வகை. டோட்டோ குழுவின் ‘ரோசன்னா’ (1982) நடிகை ரோசன்னா ஆர்க்வெட்டைப் பற்றியது என்று அடித்துச் சொல்வார்கள். அவர் அப்போது குழுவில் ஒருவரின் காதலி என்பது உண்மைதான். ஆனால் எழுதியவர் அதே குழுவின் இன்னொருவர், டேவிட் பெய்ச். தனக்குத் தெரிந்த பல பெண்களை நினைத்து எழுதியதாகவும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ (1981) கதை இன்னும் மோசம். ஒருவர் மூழ்குவதை வேடிக்கை பார்த்தவனைக் கச்சேரிக்கு வரவழைத்து, அவன்மேல் விளக்கைப் பாய்ச்சிப் பாடினாராம். சுத்தப் பொய். விவாகரத்தின் கோபத்திலும் வேதனையிலும் பிறந்த பாட்டு அது, வரிகள் பெரும்பாலும் பாடும்போதே தானாக வந்தவை என்று காலின்ஸ் பலமுறை சொல்லிவிட்டார்.

பாட்டுத் துணுக்குதானே, தப்பாக இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு லிண்டா கிரீட் என்ற பெயரைச் சொல்ல விரும்புகிறேன். ‘தி கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்’ பாட்டின் வரிகள் அவருடையவை. மெட்டு மைக்கேல் மாஸர். முகமது அலியைப் பற்றிய 1977ஆம் ஆண்டுப் படத்துக்காக எழுதியது, முதலில் பாடியவர் ஜார்ஜ் பென்சன். தன்னைத் தானே நேசிக்கக் கற்றுக்கொள்வதுதான் அதில் சொல்லப்படும் மிகப் பெரிய அன்பு. மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே கிரீட் அதை எழுதினார். 1986 ஏப்ரலில், 37 வயதில் இறந்தார். விட்னியின் குரலில் அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்தது அடுத்த மாதம். விட்னி தன் காதலனுக்கு எழுதியது என்று ஒரு வரியில் ஃபார்வர்டு செய்கிறவர்கள் அந்தப் பெண்ணை இருந்த இடம் தெரியாமல் அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? பாட்டை விழாவுக்குத் தேர்வு செய்யும் முன் வரிகளை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். பல்லவி மட்டும் போதாது, இரண்டாவது சரணத்தில்தான் சங்கதி இருக்கும். எழுதியவர் பெயர் இசைத்தட்டின் உறையிலேயே இருக்கிறது, ப்ளேலிஸ்ட் செயலிகளிலும் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும், சோம்பல்படாதீர்கள். முதலில் யார் பாடினார்கள் என்றும் பாருங்கள். ‘சேவிங் ஆல் மை லவ்’ பாட்டை விட்னிக்கு முன்பே, 1978இல், மரிலின் மெக்கூவும் பில்லி டேவிஸும் பதிவு செய்துவிட்டார்கள். எழுதியவரே சொன்ன பேட்டி கிடைக்காத கதையை மேடையில் வாசிக்க வேண்டாம். அதிலும் கேட்டதும் கண் கலங்கவைக்கும்படி கச்சிதமாக முடிகிற கதை என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

அப்புறம், பட்டியலில் தலைப்பை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். ‘தி பவர் ஆஃப் லவ்’ என்று ஒரே தலைப்பில் எண்பதுகளில் மூன்று வெவ்வேறு பாட்டுகள் பெரிய ஹிட்: ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் (1984), ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ படத்துக்காக ஹூயி லூயிஸ் (1985), பிற்பாடு செலின் டியோனும் பாடிய ஜெனிஃபர் ரஷ்ஷின் பாட்டு. நீங்கள் மெதுவாக நடந்து வரத் திட்டமிட்டிருக்கும் நேரத்தில் ஹூயி லூயிஸின் டிரம்ஸ் அதிரக் கூடாது. தலைப்போடு பாடியவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகப் பட்டியல் கைக்கு வந்தால், சந்தேகமான பாட்டுகளை உங்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கவும் நேரம் இருக்கும்.