இரண்டாம் அத்தியாயத்தோடு காணாமல் போகும் கோட்பாடு

கிளிநொச்சி நெல் வயல்களைப் பற்றிய மாணவர் ஆய்வேடு ஒன்று போன மாதம் என் மேசைக்கு வந்தது. கேள்வி நல்ல கேள்விதான்: வீச்சு விதைப்பை விட்டு நாற்று நடுகைக்கு மாற விவசாயிகள் ஏன் தயங்குகிறார்கள்? இரண்டாம் அத்தியாயத்தில் பிரெட் டேவிஸ் 1989இல் எழுதிய தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, படத்தோடு நான்கு பக்கம். அதற்குப் பிறகு டேவிஸைக் காணவேயில்லை. வினாக்கொத்தில் 24 கேள்விகள்: வயது, காணியின் அளவு, வருமானம் என்று போகின்றன.

"ஏன் தம்பி இதை எடுத்தனீர்?"

"எங்கட சீனியர் அக்காவும் இதைத்தான் போட்டவ, சேர்."

எதைக் கேட்பது, எதை விடுவது என்று காட்டத்தான் கோட்பாடு. டேவிஸின் மாதிரி அலுவலகக் கணினி மென்பொருள்களை வைத்துப் பரிசோதிக்கப்பட்டது. அது முக்கியமாகப் பார்ப்பது இரண்டு: எனக்குப் பயன்படுமா, கையாளச் சுலபமா? சரி, நாற்று நடுகைக்கும் இவற்றைக் கேட்கலாம். ஆனால் தம்பியின் ஒலிப்பதிவிலேயே ஒரு ஐயா சொல்கிறார்: "நட்டால் நல்லது எண்டு தெரியும். என்ர காணி வாய்க்காலின்ர கடைசியில. தண்ணி பிந்தினால் நாற்று முத்திப்போம்."

பயன் அவருக்குத் தெரியும், வேலையும் தெரியும். தண்ணீர்தான் கையில் இல்லை. அங்குள்ள வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதே குளத்து நீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவாகிறது. இந்த 'கையில் இல்லை'யை டேவிஸின் அந்த இரண்டு கேள்விகளும் பிடிக்காது. ஐசெக் அய்சன் 1991இல் விரித்தெழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு பிடிக்கும். மனப்பாங்கு, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு, இவற்றோடு 'என்னால் இதைச் செய்ய முடியுமா' என்ற எண்ணத்தையும் அது சேர்த்துப் பார்க்கிறது. அந்த மூன்றாவதை நம் வயலுக்கு இறக்கி, தண்ணீர் முறை, கூலியாள், நாற்றுமேடை என்று அம்புக்குறி போட்டு வரைந்தால் அது எண்ணக்கருச் சட்டகம். கோட்பாட்டையும் இந்தச் சட்டகத்தையும் ஒன்றென்று எழுதுபவர்கள்தான் அதிகம்.

தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டுகிறேன் என்று நழுவுபவர்களும் உண்டு. கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்த அந்த வழி சோம்பேறிகளுக்கானதல்ல. பேட்டி எடுக்க எடுக்கவே பகுத்து, அடுத்து யாரிடம் போவது என்று தீர்மானிக்க வேண்டும்.

நான் மாணவர்களிடம் கொடுப்பது ஒரு பென்சில். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அது கோட்பாட்டின் எந்தக் கருத்தை அளக்கிறது என்று எழுதச் சொல்வேன். இந்தத் தம்பிக்கு மூன்று கேள்விகளுக்குத்தான் எழுத முடிந்தது. இப்போது பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். புதிதாகச் சேர்த்தவற்றில் முதலாவது: "தண்ணீர் வரும் நாளைக் கணித்து நாற்றுமேடை போட உங்களால் முடியுமா?"