நெஃபெஷ்: ஆன்மாவா, உயிரா?

நெஃபெஷ் என்ற எபிரேயச் சொல்லைத் தமிழில் ‘ஆத்துமா’ என்றோ ‘ஆன்மா’ என்றோ பெயர்ப்பதே வழக்கமாகிவிட்டது. இன்றைய யூத ஆசிரியர்களுள் ஒரு சாரார், உடலை ஒதுக்கிவிட்டு இறைவனை நாட இயலாது என்றும், மூச்சும் உணவும் ஓய்வும் அசைவுமே வழிபாட்டின் களம் என்றும் கற்பிக்கிறார்கள். அவர்கள் ஊன்றி நிற்கும் சொற்களுள் இதுவும் ஒன்று. அதை ஆன்மா என்று எழுதும்போது, உடலிலிருந்து பிரித்தறியப்படும் ஒரு பொருளே நம் வாசகரின் மனத்தில் எழுகிறது. அவர்கள் சொல்ல வந்ததோ அதற்கு நேர்மாறானது.

நெஃபெஷின் மிகப் பழைய பொருள்களுள் ஒன்று தொண்டை. பண்டைய மெசபொத்தேமியாவின் அக்காதிய மொழியில் இதன் இனச்சொல்லான நபிஷ்டு, உயிரையும் தொண்டையையும் ஒருங்கே குறித்தது. அரபியில் நஃபஸ் என்றால் மூச்சு. தமிழ் முஸ்லிம்கள் மன இச்சையைச் சுட்ட வழங்கும் ‘நஃப்ஸு’ என்ற சொல்லும் இதே வேரினது. பாதாளம் தன் நெஃபெஷை அகல விரித்து வாயைத் திறந்தது என்று ஏசாயா 5:14 கூறும்போது தொண்டையைத் தவிர வேறெதையும் நினைக்க இடமில்லை. சங்கீதம் 69-இன் தொடக்கத்தில், மூழ்குகிறவன் தன் நெஃபெஷ் மட்டும் வெள்ளம் ஏறிவிட்டதாகக் கதறுகிறான். புரொட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் படிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமம் அங்கே ‘ஆத்துமாமட்டும்’ என்கிறது. கழுத்தளவு நீரில் நிற்பவனின் திகில் அந்தச் சொல்லில் கரைந்துபோகிறது.

அதே வேதாகமம், இரத்தம் உண்ணலாகாது என்ற கட்டளையில் ‘இரத்தமே உயிர்’ என்று சரியாகப் பெயர்த்திருக்கிறது. அங்கும் மூலச்சொல் நெஃபெஷ்தான். இதைவிடக் கவனிக்கத்தக்கது ஆதியாகமம். நீந்துவனவும் நாட்டு மிருகங்களும் ‘நெஃபெஷ் ஹய்யா’, அதாவது உயிருள்ள நெஃபெஷ், எனப்படுகின்றன. மண்ணால் உருவாக்கப்பட்டு மூச்சு ஊதப்பெற்ற மனிதனும் அதே ‘நெஃபெஷ் ஹய்யா’ ஆகிறான். தமிழில் விலங்குகள் ஜீவஜந்துக்களாகவும் மனிதன் ஜீவாத்துமாவாகவும் பிரிந்துவிட்டதால், மூலம் வேண்டுமென்றே காட்டிய உறவு மறைந்துவிட்டது. மனிதனுக்குள் நெஃபெஷ் வைக்கப்பட்டது என்று அந்த வசனம் சொல்லவில்லை, மனிதன் நெஃபெஷ் ஆனான் என்றே சொல்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

யூதர்கள் நாள்தோறும் ஓதும் ‘ஷெமா’ என்னும் வேதப் பகுதி, இறைவனை முழு நெஃபெஷோடும் நேசிக்கச் சொல்கிறது. அவர் உன் நெஃபெஷை எடுத்துக்கொண்டாலும்கூட என்று ரபி அக்கிவா அதற்குப் பொருள் உரைத்ததாக, யூத ஆசிரியர்களின் விவாதத் தொகுப்பான தல்மூது பதிவுசெய்கிறது. இங்கே பறிபோகக்கூடியதாகப் பேசப்படுவது உயிரே. ஓய்வுநாள் விதிகளையும் மீறி ஒருவரைக் காக்க வேண்டும் என்ற ‘பிக்குவாஹ் நெஃபெஷ்’ நெறியும் உயிர்காத்தலையே பேசுகிறது. யாத்திராகமம் 31:17-இல் இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்தபின், நெஃபெஷின் வேரிலிருந்தே பிறந்த ‘வயிநாஃபஷ்’ என்ற வினை வருகிறது. மூச்சுவிட்டு உயிர்ப்பித்துக்கொள்ளுதல் என்று அதை விரிக்கலாம். சல்மன் ஷாக்டர்-ஷலோமி (1924–2014) முன்னின்று வளர்த்த யூதப் புதுப்பித்தல் இயக்கத்திலும், அதையொட்டிய தியான வட்டங்களிலும், மூச்சைக் கவனிப்பது பிறரிடம் கடன் வாங்கிய பயிற்சி மட்டுமன்று என்று காட்ட இத்தகைய சொற்கள் துணைசெய்கின்றன.

ஆகவே நெஃபெஷுக்குத் தகுந்த தமிழ் ‘உயிர்’ என்பதே என் துணிபு. உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்றார்கள். ஓரறிவு முதல் ஆறறிவு வரை எல்லாவற்றையும் உயிர் என்ற ஒரே சொல்லுள் அடக்கிய தொல்காப்பிய மரபு, புல்லையும் சேர்த்துக்கொள்வதால் நெஃபெஷ் ஹய்யாவைவிடச் சற்று விரிந்தது. சாகும் தறுவாயில் உயிர் தொண்டைக்குழியில் நிற்கிறது என்கிறோமே, அந்த வழக்கில் தொண்டையும் உயிரும் நம்மிடமும் அருகருகே நிற்கின்றன. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது: சங்கீதம் 69-க்குக் ‘கழுத்து’ வேண்டும், பிணத்தை ‘நெஃபெஷ் மேத்’ என்னும் இடத்தில் ‘உடல்’ வேண்டும். யூத மறைஞான மரபான கபாலாவின் நூல்கள் நெஃபெஷ், ரூவாஹ், நெஷாமா என்று படிப்படியாக உயர்த்திப் பேசும்போது முறையே உயிர், ஆவி, ஆன்மா எனலாம். ரூவாஹுக்குக் காற்று என்றும் பொருள் உண்டாதலால் ஆவி அதற்கு அழகாக அமைகிறது.

எபிரேய எழுத்துகள் அடிப்படையில் மெய்யெழுத்துகளே. உயிரொலிகளைக் குறிக்கும் புள்ளிகள் பிற்காலத்தில் சேர்ந்தவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வெளிப்பட்ட பாஹிர் என்னும் கபாலா நூல், அப்புள்ளிகள் எழுத்துகளுக்கு மனித உடலில் உள்ள உயிரைப் போன்றவை என்கிறது. அவற்றை உயிர், மெய் என்றே பெயரிட்டு, இரண்டும் கூடியதை உயிர்மெய் என்று பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லித்தரும் மொழி நம்முடையது. மண்ணும் மூச்சும் கூடி நெஃபெஷ் ஹய்யா ஆன மனிதனை விளக்க, ஜீவாத்துமாவைவிட இந்த உயிர்மெய்யையே நான் எடுத்துக்காட்டுவேன்.