பனியில் நிற்கும் வெறுங்கால்

வடதுருவப் பக்கத்து நாய்களைப் பற்றி வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. "உடம்பு முழுவதும் கம்பளி போர்த்தியதுபோல ரோமம் இருக்கிறது, சரி. உள்ளங்கால் வெறுமையாகத்தானே இருக்கிறது? மைனஸ் 40 டிகிரியில் நாளெல்லாம் பனியை மிதித்து ஓடும் சைபீரியன் ஹஸ்கிக்குக் கால் ஏன் விறைத்துப் போவதில்லை? எங்கள் வீட்டு ஹஸ்கிக்குக் காலணி வாங்கிப் போட வேண்டுமா?"

முதல் கேள்வியைப் படித்ததும் துள்ளிக் குதிக்காத குறைதான். உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று அந்த உள்ளங்காலில்தான் ஒளிந்திருக்கிறது. அங்கே போவதற்கு முன், ஹஸ்கி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கூரிய முகம், நிமிர்ந்த முக்கோணக் காது, முதுகை நோக்கி வளையும் வால், இரண்டு அடுக்கு ரோமம். இவை சேர்ந்திருந்தால் ஸ்பிட்ஸ் வகை என்பார்கள். சமோயெட், அலாஸ்கன் மாலமூட் எல்லாம் ஹஸ்கிக்குப் பங்காளிகள். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் உள்ள சுகோத்காவில் வாழும் சுக்சி மக்கள், குறைந்த தீனியில் அதிகத் தூரம் ஓடக்கூடிய சிறிய உடம்புக்கார நாய்களாகப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்தார்கள். ஆண் நாய்கூட 27 கிலோவைத் தாண்டுவதில்லை. சைபீரியாவுக்கு வடக்கே ஷோகோவ் தீவில் கிடைத்த, சுமார் 9,500 ஆண்டுப் பழமையான நாயின் மரபணுவை இன்றைய நாய்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அந்தத் தீவு நாயும் இன்று சறுக்குவண்டி இழுக்கும் நாய்களும் நெருங்கிய உறவுக்காரர்கள் என்று அது காட்டியது. ஹஸ்கி பாதி ஓநாய் என்று சிலர் நம்புகிறார்கள். முகச்சாயலை வைத்துக் கிளம்பிய கதை அது. ஹஸ்கி நாய்தான்.

ரஷ்ய வணிகர் வில்லியம் கூசாக் இந்த நாய்களைக் கடல் கடந்து அலாஸ்காவின் நோம் நகருக்குக் கொண்டுவந்தபோது, அங்கிருந்த பருத்த நாய்களுக்குப் பழகியவர்கள் இவற்றை "சைபீரிய எலிகள்" என்று எள்ளி நகையாடினார்கள். 1910-இல் 408 மைல் பந்தயத்தை ஜான் ஜான்சன் என்பவர் இந்த எலிகளைப் பூட்டிய வண்டியில் 74 மணி நேரத்தில் முடித்து முதலிடம் பிடித்தார். ஏளனம் அதோடு அடங்கியது. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1930-இல் ஹஸ்கியைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

ரோமத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அடியில் பஞ்சுபோல அடர்ந்த மென்முடி, மேலே நீரை வழியவிடும் நீள்முடி. நடுவில் சிக்கிய காற்று வெப்பத்தை வெளியே விடாது. பனி கொட்டும் இரவில் ஹஸ்கிகள் வால் நுனியால் மூக்கை மூடி, வட்டமாகச் சுருண்டு வெட்டவெளியிலேயே உறங்குகின்றன. விடிந்து பார்த்தால் நாய்கள் இருந்த இடத்தில் வெண்மேடுகள்தான் தெரியும். மேட்டில் விரிசல் விடும், முதலில் காது முளைக்கும், பிறகு மொத்த நாயும் எழுந்து ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். முதுகில் கிடந்த பனி பொலபொலவென்று உதிரும். இரவெல்லாம் 38 டிகிரி உடம்பின்மேல் கிடந்த பனி அது. உருகவே இல்லை. அந்த ரோமம் எவ்வளவு கருமி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் பாதத்தில் இந்த ரோமம் இல்லை. ஹஸ்கியின் முன்னங்காலை உள்ளங்கையில் ஏந்தித் திருப்பிப் பாருங்கள். நான்கு விரல் திண்டுகளும் நடுவில் ஒரு பெரிய திண்டும் தெரியும். தோல் சொரசொரவென்று கருத்திருக்கும். அழுத்தினால் உள்ளே மெத்தென்று கொழுப்பு அமுங்கும். பனியை நேரடியாகத் தொடுவது இதுதான். இங்கே ரத்தம் ஓடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திசு உறைந்து செத்துவிடும். ஓடினாலோ உடம்பின் சூட்டையெல்லாம் நான்கு கால் வழியாகப் பனிக்குத் தாரை வார்க்க வேண்டியிருக்கும். இரண்டில் எதைச் செய்தாலும் நாய்க்கு ஆபத்து.

நாயின் உடம்பு இந்தச் சிக்கலை எப்படி அவிழ்க்கிறது என்பதைத்தான் நான் ரசித்து ரசித்துச் சொல்ல விரும்புகிறேன். பாதத் திண்டுக்குள் இறங்கும் தமனிகள் தனியாக இறங்குவதில்லை. ஒவ்வொரு தமனியையும் நுண்ணிய சிரைகள் கொடிபோலப் பின்னிச் சூழ்ந்திருக்கின்றன. தமனியில் சூடான ரத்தம் கீழே இறங்குகிறது. சிரைகளில் பனியைத் தொட்டுக் குளிர்ந்த ரத்தம் மேலே ஏறுகிறது. ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போகின்றன. சூடு தமனியின் சுவரைக் கடந்து சிரைக்குத் தாவிவிடுகிறது. பாதத்தை அடையும் ரத்தம் ஏற்கெனவே குளிர்ந்துவிட்டதால் பனி பறித்துக்கொள்ள அதில் சூடு மிச்சமில்லை. உடம்புக்குத் திரும்பும் ரத்தமோ வழியிலேயே சூடேறிவிடுவதால் இதயத்தைக் குளிரவைப்பதில்லை.

"எதிரெதிர்த் திசை" என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. விளக்கத்துக்காக எண்களை எடுத்துக்கொள்வோம். 38 டிகிரி ரத்தமும் 0 டிகிரி ரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் ஒரே திசையில் ஓடுவதாக வையுங்கள். சூடானது ஆறும், குளிர்ந்தது ஏறும். நடுவில் 19 டிகிரியில் இரண்டும் சமமாகிவிடும். அதற்குமேல் கொடுக்கல் வாங்கல் கிடையாது. எவ்வளவு நீளக் குழாய் போட்டாலும் பாதிச் சூட்டைத்தான் மீட்க முடியும். இப்போது ஒரு குழாயின் ஓட்டத்தை மட்டும் திருப்பிவிடுங்கள். மேலே 38 டிகிரியில் தமனி தொடங்கும் இடத்தில், பக்கத்துச் சிரையில் இருப்பது ஏறக்குறைய பயணத்தை முடித்துவிட்ட 36 டிகிரி ரத்தம். நடுவழியில் தமனி 20, சிரை 18. கீழே தமனி 2, சிரை 0. எந்த இடத்திலும் இரண்டும் சமமாவதில்லை. எப்போதும் தமனி ஒரு படி மேலே, சிரை ஒரு படி கீழே. வழிநெடுக ஒவ்வொரு புள்ளியிலும் சூடு கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதே ரத்தம், அதே குழாய்கள். திசையை மாற்றியதும் பாதிக்குப் பதில் கிட்டத்தட்ட முழுச் சூடும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதற்கு எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்று பெயர். பென்குயினின் காலிலும் திமிங்கிலத்தின் துடுப்பிலும் இதே ஏற்பாடு உண்டு. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் ஆலைகளில், சுட்ட பாலின் வெப்பத்தை உள்ளே வரும் குளிர்ந்த பாலுக்கு மாற்றும் தகடுகளும் இதே கணக்கில்தான் வேலை செய்கின்றன.

ஆக, ஹஸ்கியின் பாதம் சூடாக இருப்பதில்லை. குளிர்ந்துதான் இருக்கிறது. பாதத்தைக் குளிரவிட்டு உடம்பைக் காப்பாற்றுவதுதான் ஏற்பாடே. ஆனால் குளிரலாம், உறையக் கூடாது. அதற்கும் வழி இருக்கிறது. 1972-இல் ஆர்க்டிக் நரி, ஓநாய் ஆகியவற்றின் பாதங்களை மைனஸ் 35 டிகிரிக் குளிர் திரவத்தில் வைத்துச் சோதித்தார்கள். பாதத்தின் வெப்பநிலை மைனஸ் 1 டிகிரியை ஒட்டி, அதாவது திசு உறையும் எல்லைக்குச் சற்று மேலே, அப்படியே நின்றுவிட்டது. திண்டின் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய் வலைப்பின்னல், தேவைப்படும் அளவுக்கு மட்டும் வெப்பத்தை விடுவிக்கிறது. அதற்கு ஒரு துளியும் கூடுதலாகச் செலவழிப்பதில்லை. பாதக் கொழுப்பும் சாதாரணக் கொழுப்பு அல்ல. குளிரில் வெண்ணெய் இறுகினாலும் எண்ணெய் இளகியே இருப்பதுபோல, குளிர் நாட்டு விலங்குகளின் கால் நுனியில் உள்ள கொழுப்பு தாழ்ந்த வெப்பநிலையிலும் இறுகுவதில்லை.

இந்தச் சிரைப் பின்னலைக் கண்ணால் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டோக்கியோவின் யமாசாகி காகுவென் பல்கலைக்கழகத்தில் ஹிரோயோஷி நினோமியாவின் குழு, நாயின் பாத ரத்தக்குழாய்களுக்குள் பிசினைச் செலுத்தி இறுகவிட்டது. பிறகு சுற்றியிருந்த திசுவைக் கரைத்தது. எஞ்சிய அச்சை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தபோது, தமனியைச் சிரைகள் தழுவிக் கிடப்பது துல்லியமாகத் தெரிந்தது. நாயின் பாதத்தை ஆராய்வதற்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. உடனடிப் பயன் என்னவென்று எழுதிக் காட்டினால்தான் நிதி என்றால், இப்படிப்பட்ட கேள்விகளை யாரும் கேட்கவே மாட்டார்கள். சிறு தொகை, பொறுமையான சில மனிதர்கள், காலங்காலமாக எல்லோரும் பார்த்தும் யாரும் கேட்காத ஒரு கேள்வி. இதற்குப் பணம் ஒதுக்காத சமூகம் எதைக் கண்டுபிடிக்கப் போகிறது?

ஹஸ்கியின் குணத்துக்கு வருகிறேன். சொன்ன பேச்சைக் கேட்காது என்று வளர்ப்பவர்கள் குறைப்படுவார்கள். உண்மைதான். ஆனால் சறுக்குவண்டிக் கூட்டத்தை வழிநடத்தும் முன்னணி நாய் கண்ணை மூடிக்கொண்டு கட்டளைக்குப் பணிந்தால், மெல்லிய பனிக்கட்டியின்மேல் வண்டியோடு எல்லோரும் மூழ்க வேண்டியதுதான். நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவிய 1925 குளிர்காலத்தில், நெனானாவிலிருந்து 674 மைல் தூரத்துக்கு 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். ஐந்தரை நாள் ஆனது. கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோ என்னும் நாய்க்குப் பெயர் கிடைத்தது. வண்டியோட்டிகளில் ஒருவரான லெயோன்ஹார்ட் செப்பாலாவின் வண்டிக்குத் தலைமையேற்று, உறைந்த நார்ட்டன் வளைகுடாவைக் கடந்து, மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடியது டோகோ என்னும் 12 வயது ஹஸ்கி. பனிக்கட்டியைத் தானே எடைபோடும் அந்தப் பிடிவாதம்தான் வீட்டில் அடங்காத்தனமாகத் தெரிகிறது.

இது காவல் நாயும் அல்ல. புதியவரைக் கண்டாலும் வாலாட்டும். குரைப்பது குறைவு, ஊளையிடுவது அதிகம். நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்று அஞ்சி நல்ல நாயைத் துரத்திவிடுபவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். ஊளை என்பது தொலைவில் உள்ள கூட்டத்தோடு பேசும் குரல். தனிமையில் விடப்பட்ட ஹஸ்கி கூட்டத்தைத் தேடி அழைக்கிறது, அவ்வளவுதான். அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தால் போதும்.

வளர்க்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இது வெப்பத்தைச் சேமிப்பதற்கென்றே அமைந்த உடம்பு. வெப்ப நாடுகளில் அழகுக்காக வாங்கி மொட்டை மாடியில் கட்டிப்போடுவது கொடுமை என்பது என் உறுதியான கருத்து. சூட்டுக்கு இதமாக இருக்குமென்று ரோமத்தை மழித்துவிடாதீர்கள். வெயில் தோலில் நேராக இறங்கும், முடியும் பழையபடி வளராமல் போகலாம். ஆண்டுக்கு இருமுறை உள்முடி கற்றை கற்றையாக உதிரும்போது தினமும் சீவிவிட்டால் போதும். நாள்தோறும் நன்றாக ஓட வேண்டும், இல்லையென்றால் தோட்டத்தைத் தோண்டும், வேலி தாண்டும். சிறு பிராணிகளைக் கண்டால் துரத்தும். மூக்கையும் கண்ணையும் சுற்றித் தோல் தடித்துச் செதிலாக உதிர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்ச முடியாத குறை இந்த இனத்தில் உண்டு.

காலணிக் கேள்வி மிச்சமிருக்கிறது. அலாஸ்காவின் இடிடாராட் என்னும் நெடுந்தூரச் சறுக்குவண்டிப் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டுத் துணிக் காலணிகள் இருக்க வேண்டும் என்பது விதி. அது குளிருக்காக அல்ல. நூற்றுக்கணக்கான மைல் ஓடும்போது கூரான பனித்துகள் தோலை அராவும், விரலிடுக்கில் பனி உருண்டையாகத் திரண்டு புண்ணாக்கும். அதற்காகத்தான். பனியில் சிறிது தூரம் நடந்துவிட்டு வரும் வீட்டு ஹஸ்கிக்குக் காலணி வேண்டாம். திரும்பியதும் விரலிடுக்குகளைத் துடைத்துப் பாருங்கள், போதும். வெயிலில் காய்ந்த தார்ச்சாலை விஷயம் வேறு. குளிருக்கென்று அமைந்த பின்னலால் சூட்டைத் தடுக்க முடியாது, திண்டு வெந்துவிடும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் பொழுது சாயட்டும், பிறகு அழைத்துப் போங்கள்.